வீடு வீடாக எண்ணிய டாக்டர்

காலராவின் ஊற்றைக் கண்டுபிடித்த ஜான் ஸ்னோவின் வரலாறு

தர்மபுரியில் தாமஸ் மன்றோ என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் நாடு கும்பெனியார் கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான் அது. அங்கே நிலத்தை அளந்து வரி போடுவதற்காக கேப்டன் ரீட் என்பவரின் கீழ் வேலை பார்க்க வந்தவர் மன்றோ. தர்மபுரியில் அவருக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. ஏழு வருடம் கழித்து, அந்த ஊரைப் பிரிய மனமில்லாமல் பிரிந்து போனார். பிறகு சென்னை ராஜதானிக்கே கவர்னர் ஆனார். சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தச் சிலை அவருடையதுதான்.

1827-ம் வருடம் மன்றோ வேலையை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட இருந்தார். போவதற்கு முன் தாம் முன்பு அதிகாரம் செய்த ஊர்களைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். ஜூலை 6-ந் தேதி, கர்னூல் பக்கத்தில் பத்திகொண்டா என்ற ஊரில் முகாம். அங்கே அவருக்கு வாந்திபேதி கண்டது. அன்று இரவே இறந்துவிட்டார்.

கவர்னர் முகாமில் எதற்கும் குறைவில்லை. ஆனால் அந்த நோய் எங்கிருந்து வந்தது, எப்படி உடம்பில் புகுந்தது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. உலகத்திலேயே ஒருவருக்கும் தெரியாது.

அதே 1827-ம் வருடம், இங்கிலாந்தில் யார்க் நகரத்திலிருந்து பதினாலு வயதுப் பையன் ஒருவன், வைத்தியம் கற்றுக்கொள்ள வெளியூர் புறப்பட்டான். மன்றோவைக் கொன்ற நோயின் ரகசியத்தை அந்தப் பையன்தான் பின்னால் அவிழ்த்தான். அவன் பெயர் ஜான் ஸ்னோ.

கூலிக்காரர் மகன்

ஜான் ஸ்னோ 1813-ம் வருடம் மார்ச் 15-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கூலி வேலை செய்தவர். குடும்பத்தில் ஒன்பது குழந்தைகள், ஜான் மூத்தவர். ஊஸ் என்ற ஆற்றை ஒட்டி ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருவில் வீடு. ஆற்றில் வெள்ளம் வந்தால் தெருவுக்குள் தண்ணீர் வரும். ஊர் அழுக்கும் அதோடு சேர்ந்து வரும்.

பையன் கணக்கில் கெட்டிக்காரன். தாயும் தகப்பனும் அவனைக் கூலி வேலைக்கு அனுப்பவில்லை. நியூகாசில் என்ற ஊரில் இருந்த ஹார்ட்காசில் என்ற வைத்தியரிடம் சிஷ்யனாகச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் வைத்தியம் கற்க அதுதான் ஏழைகளுக்குத் திறந்த வழி. மருந்து இடிப்பது, கட்டுப் போடுவது, நோயாளி வீட்டுக்கு நடப்பது, இப்படியே படிப்பு.

பதினேழு வயதில் ஸ்னோ மாமிசத்தை விட்டுவிட்டார். மதுவையும் தொடுவதில்லை. தண்ணீரைக்கூடச் சும்மா குடிக்க மாட்டார். காய்ச்சி வடித்துத்தான் குடிப்பார். அந்த ஊரில் இப்படி ஒரு வாலிபர் என்றால் ஜனங்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரித்தார்கள்.

சுரங்கத்தில் கண்டது

1817-ல் வங்காளத்தில் ஜெஸ்ஸூர் பக்கம் பெரிதாகக் கிளம்பிய காலரா, நாடு நாடாக நடந்து 1831-ல் இங்கிலாந்துக் கரையில் ஏறியது. நியூகாசிலுக்குப் பக்கத்தில் கில்லிங்வொர்த் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளிகள் விழ ஆரம்பித்தார்கள். ஹார்ட்காசில் ஒருவரால் எல்லோரையும் பார்க்க முடியவில்லை. பதினெட்டு வயது சிஷ்யனை அங்கே அனுப்பினார்.

ஸ்னோவால் யாரையும் பெரிதாகக் காப்பாற்ற முடிந்திருக்காது. அன்றைக்கு இருந்த மருந்துகள் அப்படி. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவில்லை. சுரங்கத்துக்குள் மணிக்கணக்கில் இருக்கும் ஆட்கள் அங்கேயே மலஜலம் கழித்தார்கள். கை கழுவத் தண்ணீர் கிடையாது. அதே கையால் வீட்டிலிருந்து கொண்டு வந்ததைச் சாப்பிட்டார்கள். பூமிக்கு அடியிலே சாக்கடைக் காற்றும் இல்லை, குப்பை மேடும் இல்லை. ஆனாலும் காலரா வந்தது. இந்த நினைவு அவர் மனத்தில் பதினேழு வருடம் கிடந்தது.

1836-ல் லண்டன் போனார். கோடைக் காலத்தில் சுற்று வழியாக நடந்தே போனார் என்று அவருடைய நண்பர் எழுதிய வரலாறு சொல்கிறது. அங்கே படித்துப் பட்டம் வாங்கி, ஸோஹோ என்ற பேட்டையில் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல் கரகரப்பு, கூட்டத்தில் பேசினால் பாதிப் பேருக்குக் கேட்காது. ஆனால் வேலையில் அவரைப்போல் ஒழுங்கானவர் அபூர்வம். பார்த்த ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார்.

மகாராணியின் டாக்டர்

அந்த நாளில் மயக்க மருந்து புதிது. 1846-ல் அமெரிக்காவில் ஈதரைக் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்தார்கள். செய்தி லண்டனுக்கு வந்தவுடன் ஸ்னோ அதைப் பிடித்துக்கொண்டார். ஆவி எவ்வளவு, காற்று எவ்வளவு, எந்தச் சூட்டில் எப்படிக் கலக்கும் என்று அளந்து, அதற்கென்று ஒரு கருவியே செய்தார். பிறகு குளோரோபாரம் வந்தது. தமது ஆயுளில் நாலாயிரம் தடவைக்கு மேல் குளோரோபாரம் கொடுத்தார்.

1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம். அதற்கு ஸ்னோவைத்தான் அழைத்தார்கள். கைக்குட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு 53 நிமிஷம் முகரச் செய்தார். இளவரசர் லியோபோல்டு பிறந்தார். பிரசவ வலியைக் குறைப்பது தெய்வக் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அரண்மனை டாக்டர் என்ற பெயரோடு ஸ்னோ சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் காலராவிலேயே இருந்தது.

அன்றைய பெரிய டாக்டர்கள் எல்லோரும் காலரா துர்நாற்றத்தால் வருகிறது என்று நம்பினார்கள். அழுகல், சாக்கடை, குப்பை இவற்றிலிருந்து கிளம்பும் விஷக் காற்றை மூச்சில் இழுத்தால் நோய் என்பது அவர்கள் கொள்கை. ஸ்னோ காற்றையும் ஆவியையும் வைத்தே பிழைப்பு நடத்தியவர். காற்றில் வரும் விஷம் முதலில் நுரையீரலைத்தானே தாக்க வேண்டும்? காலராவில் முதலில் கெடுவது வயிறு. அப்படியானால் விஷம் வாய் வழியாக, தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிறது. நோயாளியின் கழிவு தண்ணீரில் கலக்கிறது; அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு நோய் வருகிறது. 1849-ல் இதை ஒரு சிறு புத்தகமாக எழுதிக் கைக்காசில் அச்சுப் போட்டார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. சொன்னால் மட்டும் போதுமா? காட்ட வேண்டுமே.

மேட்டுக் கணக்கும் பள்ளக் கணக்கும்

அப்போது லண்டனில் ஜனன மரணக் கணக்கு இலாகாவில் வில்லியம் பார் என்ற ஒருவர் இருந்தார். புள்ளி விவரத்தில் நிபுணர். 1849 காலராவில் இறந்தவர்களை வட்டாரம் வட்டாரமாக எண்ணி ஒரு விஷயம் கண்டார். தேம்ஸ் நதிக் கரையில் பள்ளமான இடங்களில் சாவு அதிகம். மேடு ஏற ஏறச் சாவு குறைகிறது. பள்ளத்தில் நாற்றம் தேங்கும், மேட்டில் காற்று வீசும், ஆகவே நாற்றம்தான் காரணம் என்று பார் நினைத்தார்.

கணக்கு சரியான கணக்கு. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. பள்ளத்தில் இருந்தவர்கள்தானே நகரத்தின் அழுக்கு முழுவதும் சேர்ந்த நதித் தண்ணீரைக் குடித்தார்கள்! நாற்றமும் கெட்ட தண்ணீரும் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தன. இரண்டில் எது குற்றவாளி என்று பிரித்துப் பார்க்க பாருடைய பட்டியலில் வழி இல்லை. ஏழ்மையும் பள்ளத்தில்தான் இருந்தது. நெரிசலும் பள்ளத்தில்தான் இருந்தது.

பாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஸ்னோவின் கொள்கையை ஏற்கவில்லை. ஆனாலும் இறந்தவர்களின் விலாசம் வேண்டும் என்று ஸ்னோ கேட்டபோது மறுக்காமல் கொடுத்தார். இப்படிப்பட்ட எதிராளி கிடைப்பதும் ஒரு பாக்கியம்.

ஒரே தெரு, இரண்டு குழாய்

தென்பெண்ணையாற்றை நினைத்துக்கொண்டால் இனி வருவது சுலபமாக விளங்கும். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் வழியாக வந்து, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டித்தான் அந்த ஆறு தர்மபுரி மாவட்டத்து இருமத்தூருக்கு வருகிறது. ஆற்றின் மேலே ஓர் ஊர் சாக்கடையை விட்டால், அந்த ஊருக்கு மேற்கே இருப்பவனுக்குக் கெடுதல் இல்லை. கீழே இருப்பவனுக்குத்தான் கெடுதல். ஆகவே ஒரே ஆற்றுத் தண்ணீர் என்றாலும், எந்த இடத்தில் மொண்டது என்பதைப் பொறுத்து அது வேறு வேறு தண்ணீர்.

லண்டனில் தேம்ஸ் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்து வீடுகளுக்கு விற்றவை தனியார் கம்பெனிகள். நதிக்குத் தெற்கே இரண்டு கம்பெனிகள். ஒன்று லாம்பெத் கம்பெனி. மற்றொன்று சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனி. 1849-ல் இரண்டும் நகரத்துக்குள்ளேயே, சாக்கடை கலக்கும் இடத்தில்தான் நீர் எடுத்தன. கடல் ஏற்றம் லண்டனைத் தாண்டியும் நதிக்குள் வரும் என்பதால், சாக்கடை ஒரே போக்காகக் கடலுக்குப் போய்விடாது. தினம் இரண்டு தடவை முன்னும் பின்னும் அலையும்.

1852-ல் லாம்பெத் கம்பெனி தன் இடத்தை மாற்றியது. கடல் ஏற்றம் எட்டாத தேம்ஸ் டிட்டன் என்ற ஊருக்குப் போய், நகரத்துக்கு மேலே சுத்தமான நீர் எடுக்க ஆரம்பித்தது. சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனி பழைய இடத்திலேயே, பாட்டர்ஸீ என்ற இடத்தில் நீர் எடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனிகள் எல்லாம் 1855-க்குள் இடம் மாற வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதுவரை காத்திருக்கலாம் என்று இருந்துவிட்டார்கள் போலும்.

1854-ல் மறுபடியும் காலரா வந்தது.

இங்கேதான் ஸ்னோவின் மூளை வேலை செய்தது. இந்த இரண்டு கம்பெனிகளும் முன்னாளில் போட்டி போட்டுக்கொண்டு குழாய் பதித்தவை. ஆகவே பல பேட்டைகளில் ஒரே தெருவில் இரண்டு குழாயும் ஓடின. ஒரு வீட்டில் லாம்பெத் தண்ணீர். அடுத்த வீட்டில் மற்றக் கம்பெனியின் தண்ணீர். பணக்காரன் வீட்டிலும் உண்டு, ஏழை வீட்டிலும் உண்டு. எல்லோரும் மூச்சு விடுவது ஒரே காற்று. நாற்றமும் ஒன்றே. மேடு பள்ளமும் ஒன்றே. தண்ணீர் ஒன்றுதான் வேறு! மூன்று லட்சம் ஜனங்கள், தங்களுக்கே தெரியாமல், இரண்டு பிரிவாகப் பிரிந்து நின்றார்கள். எந்தச் சர்க்காரும் கட்டளை போட்டு இப்படி ஒரு பரீட்சை நடத்தியிருக்க முடியாது.

ஸ்னோ நோயாளிகளைப் பார்க்கும் வேலையைக்கூடக் குறைத்துக்கொண்டார். சாவுப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறினார். துக்க வீட்டுக் கதவைத் தட்டி, எந்தக் கம்பெனித் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அது எளிய காரியமா?

கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள். தண்ணீர் வரி கட்டுகிற வீட்டுக்காரர் எங்கேயோ தூரத்தில் இருப்பார். ரசீது வீட்டில் இருக்காது. வேலை அங்கே நின்றுபோயிருக்க வேண்டியது.

உப்பு சொன்ன சாட்சி

நின்றுபோகவில்லை. தண்ணீரையே கேட்டால் என்ன என்று ஸ்னோவுக்குத் தோன்றியது.

இரண்டு தண்ணீரையும் எடுத்துச் சோதித்தார். சில்வர் நைட்ரேட் என்ற மருந்துக் கரைசலைச் சாதாரண உப்பு உள்ள தண்ணீரில் விட்டால், பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டு விழும். உப்பு அதிகமானால் வெள்ளையும் அதிகமாகும். மேலே தேம்ஸ் டிட்டனில் எடுத்த லாம்பெத் தண்ணீரில் ஒரு காலனுக்கு ஒரு கிரெயின் உப்புகூட இல்லை, 0.95 கிரெயின்தான். காலன் என்பது நாலரை லிட்டர். இரண்டு கிரெயின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை. மற்றக் கம்பெனியின் தண்ணீரில் 37.9 கிரெயின் இருந்தது. நாற்பது மடங்கு! கடல் ஏற்றத்தோடு வந்த உப்பும், லட்சக்கணக்கான ஜனங்களின் கழிவில் போன உப்பும் சேர்ந்து அப்படி ஆகியிருந்தது.

உப்பு காலராவை உண்டாக்காது. ஆனால் தண்ணீர் எந்த இடத்திலிருந்து வந்தது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் யாருக்கும் பதில் தெரியாவிட்டால், ஸ்னோ ஒரு சின்னச் சீசாவில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, வெளியே மேலே வீட்டு நம்பரை எழுதிக்கொள்வார். மருந்தை விட்டுப் பார்த்தால் கம்பெனி தெரிந்துவிடும்.

முதல் நாலு வாரத்தில் அந்த வட்டாரங்களில் இறந்தவர்கள் 334 பேர். அதில் 286 பேர் சவுத்வார்க்-வாக்ஸால் தண்ணீர் வந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். லாம்பெத் வீடுகளில் 14 பேர். 22 பேர் நேராக நதியிலேயே மொண்டு குடித்தவர்கள். மிச்சம் பேர் கிணறு, வாய்க்கால் என்று வேறு இடங்களில் குடித்தவர்கள். நாலு பேரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை.

ஸ்னோ இதோடு நிற்கவில்லை. வேலை பெருகியதும் ஒரு வைத்தியரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஏழு வாரக் கணக்கு முடிந்தபோது, ஒரு கம்பெனி வீடுகளில் 1,263 சாவு; மற்றதில் 98 சாவு. இதை இப்படியே ஒப்பிட்டால் நியாயம் ஆகாது. நூறு ஆடு உள்ள பட்டியில் பத்து செத்ததும், இருபது ஆடு உள்ள பட்டியில் பத்து செத்ததும் ஒன்றாகுமா? ஆகவே மொத்த வீடுகளையும் பார்த்தார். சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனிக்கு 40,046 வீடு. லாம்பெத் கம்பெனிக்கு 26,107 வீடு. பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை சாவு என்று வகுத்தார். முதல் கம்பெனிக்கு 315. லாம்பெத்துக்கு 37. எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மைக்ராஸ்கோப்பில் கிருமியைக் காட்ட அவரால் முடியவில்லை. ஆனால் அது நதியில் எந்த இடத்தில் ஜனங்களின் குவளைக்குள் ஏறுகிறது என்று கூட்டல், வகுத்தல் கணக்கால் காட்டிவிட்டார்.

கைப்பம்பின் பிடி

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 31-ந் தேதி இரவு, ஸ்னோவின் சொந்தப் பேட்டையான ஸோஹோவில் இடி விழுந்தது. பிராட் தெரு என்ற தெருவைச் சுற்றி 250 கஜ தூரத்துக்குள் பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

தேம்ஸ் பக்கத்து வேலையை அப்படியே வைத்துவிட்டு ஸ்னோ இங்கே வந்தார். பட்டியலில் இருந்த 83 பேரின் வீடுகளைத் தேடினார். ஏறக்குறைய எல்லாம் பிராட் தெருக் கைப்பம்புக்குப் பக்கத்தில் இருந்தன. வேறு பம்பு கிட்டத்தில் இருந்த வீடுகளில் சாவு பத்துதான். அந்தப் பத்தில் ஐந்து குடும்பத்தார் பிராட் தெருத் தண்ணீர் ருசியாக இருக்கும் என்று அங்கேயே ஆள் அனுப்பி எடுத்தவர்கள். மூன்று பேர் அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போன குழந்தைகள்.

சாகாதவர்களையும் அவர் விடவில்லை. பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்று. 535 பேர் இருந்தார்கள். ஐந்தே பேர் இறந்தார்கள். விசாரித்தால், உள்ளேயே சொந்தக் கிணறு. அதே தெருவில் பீர் காய்ச்சும் ஆலை. எழுபது ஆட்களுக்கு மேல், ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் ஆலையில் கிடைத்த பீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள். பம்புப் பக்கமே போவதில்லை. வாலிபத்திலேயே மதுவை விலக்கிய ஸ்னோவுக்கு இந்தச் சாட்சி கொஞ்சம் கசந்திருக்கும்.

இன்னொரு சாட்சி மனத்தை உருக்குவது. வெகு தூரத்தில், காலராவே இல்லாத ஹாம்ப்ஸ்டெட்டில், ஒரு விதவை அம்மாள் காலராவில் இறந்தார். அவர் முன்பு பிராட் தெருவில் இருந்தவர். அந்தத் தண்ணீர்மேல் ஆசை. பிள்ளைகள் தினம் ஒரு பாட்டில் தண்ணீரை வண்டியில் அனுப்பி வந்தார்கள். தாய்மேல் உள்ள பிரியத்தால் அனுப்பிய தண்ணீர்! பார்க்க வந்த உறவுப் பெண்ணும் அதைக் குடித்தாள்; ஊர் திரும்பி அவளும் இறந்தாள்.

செப்டம்பர் 7-ந் தேதி மாலை பேட்டை நிர்வாகக் குழுவின் முன்னால் போய் நின்று, ஸ்னோ தம் கணக்கைச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் பம்பின் பிடியைக் கழற்றிவிட்டார்கள். பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்று பலர் கதை சொல்வார்கள். ஸ்னோவே அப்படிச் சொல்லவில்லை. ஜனங்கள் ஓடிவிட்டதால் நோய் அதற்கு முன்பே தணிய ஆரம்பித்திருந்தது என்று ஒப்புக்கொண்டு எழுதினார்.

அந்தப் பேட்டையில் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார் இருந்தார். ஸ்னோ சொல்வது தவறு என்று நிரூபிக்கவே அவர் கிளம்பினார். வீடு வீடாக, ஒரே வீட்டுக்குப் பல தடவைகூட, போய் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதே சரி என்று ஆகிவிட்டது. கடைசியில் அவரே மூல காரணத்தையும் கண்டுபிடித்தார். பம்புக்கு எதிரே இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு மற்றவர்களுக்கு முன்பே பேதி கண்டிருந்தது. துணி அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு மலக்குழியில் கொட்டினாள். தோண்டிப் பார்த்தபோது, குழியின் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. அங்கிருந்து கிணற்றுக்கு மூன்று அடிகூட இல்லை.

ஏற்காத ஊர்

1855-ல் ஸ்னோ தமது புத்தகத்தைப் பெரிதாக்கி, கணக்குகளும் படங்களும் சேர்த்து வெளியிட்டார். 200 பவுனுக்கு மேல் செலவு. அத்தனை ஷில்லிங்கூடத் திரும்பி வரவில்லை என்று நண்பர் எழுதியிருக்கிறார். சர்க்கார் அமைத்த விசாரணைக் குழு அவர் கருத்தை ஏற்கவில்லை. நாற்றமே காரணம் என்று பழைய பாட்டையே பாடியது. பார்லிமெண்டுக் கமிட்டியில், எலும்பு காய்ச்சும் தொழிற்சாலைகளின் நாற்றம் காலராவைத் தராது என்று சாட்சி சொன்னார். அதற்காக வைத்தியப் பத்திரிகையே அவரைக் கிண்டல் செய்தது.

1858 ஜூன் மாதம் லண்டனில் கடும் வெயில். தேம்ஸ் நதி நாறியது. பார்லிமெண்டு ஜன்னல்களில் மருந்தில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சாக்கடையை நகரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் செய்தார்கள். நாற்றம் கொல்லும் என்ற தப்பான கொள்கையால் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்தச் சட்டம் வருவதை ஸ்னோ பார்க்கவில்லை. ஜூன் 10-ந் தேதி குளோரோபாரத்தைப் பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. 16-ந் தேதி இறந்தார். வயது 45. கிண்டல் செய்த பத்திரிகை நாலு வரியில் மரணச் செய்தி போட்டது. அதில் காலரா என்ற சொல்லே இல்லை.

எட்டு வருடம் கழித்து, 1866-ல், கிழக்கு லண்டனில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். இந்த முறை கணக்கெடுத்தவர் வில்லியம் பார். மேடு பள்ளத்தை விட்டுவிட்டு, யார் எந்தக் கம்பெனித் தண்ணீர் குடித்தார்கள் என்று ஸ்னோவின் வழியில் முதலில் பார்த்தார். பெரும்பாலான சாவுகள் ஒரே கம்பெனியின் எல்லைக்குள் வந்து நின்றன. வடிகட்டாத தண்ணீரை ஒரு சொட்டுகூட விடவில்லை என்று கம்பெனி என்ஜினீயர் மறுத்தார். ஆனால் வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்து விழுந்தது! வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு மீன் எப்படி வரும்?

1884-ல் ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, காலராக் கிருமியைத் தெளிவாகப் பிடித்துக் காட்டினார். ஜனங்கள் குடித்த குளத்துத் தண்ணீரிலும் அது இருந்தது. மன்றோ இறந்து 57 வருடம் ஆகியிருந்தது.

பிராட் தெரு இருந்த இடத்தில் இப்போது ஸ்னோவின் நினைவாகப் பிடியில்லாத பம்பு ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு மதுக்கடை. அதற்கு வைத்திருக்கும் பெயர் ஜான் ஸ்னோ.

பெண்ணையாற்றில்

ஸ்னோ இறப்பதற்கு முந்தின வருடம் லண்டனில் பிறந்தவர் கார்ல் பியர்சன் என்ற கணித மேதை. பல அளவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒரு கணக்கு முறையை 1901-ல் வெளியிட்டார். ஆற்றில் பல இடங்களில், பல மாதங்களில் தண்ணீர் எடுப்பார்கள். உப்பு, நைட்ரேட், பாஸ்பேட், உலோகங்கள் என்று ஒவ்வொன்றையும் அளப்பார்கள். எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, எது எதோடு சேர்ந்து இறங்குகிறது என்று இந்தக் கணக்கு பிரித்துக் காட்டும். சேர்ந்து ஏறி இறங்குபவை பெரும்பாலும் ஓர் இடத்துச் சரக்கு. வீட்டுச் சாக்கடை ஒரு கூட்டம், வயலுக்குப் போட்ட உரம் ஒரு கூட்டம், பாறையிலிருந்து தானாகக் கரைந்தது ஒரு கூட்டம் என்று ஏறக்குறையப் பிரிந்து நிற்கும். ஸ்னோ ஓர் உப்பை வைத்துச் செய்ததை இன்று இருபது பொருள்களை வைத்துக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்.

ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வரும் கழிவால் தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்கியிருக்கிறது. 2024-லும் அப்படி நடந்தது. அந்தத் தண்ணீர் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, காவேரிப்பட்டணத்தைக் கடந்து, ஆடிப் பதினெட்டுக்கு ஜனங்கள் முழுகும் இருமத்தூருக்கு வந்து, சாத்தனூர் அணைக்குப் போகிறது. எந்த ஊரில் எது கலந்தது, வழியில் எவ்வளவு தெளிந்தது என்று தெரிய வேண்டுமானால், மேலும் கீழும் தண்ணீர் எடுத்து ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். சீசாவின் மேல் இடத்தின் பெயரும் தேதியும் எழுதுவார்கள். சோதனைப் பட்டியலில் குளோரைடு என்று ஒரு கட்டம் இருக்கும். வாடகைக்காரர்கள் வீட்டு வாசலில் ஸ்னோ அளந்த உப்பு அதுதான். அதை அளக்க சில்வர் நைட்ரேட் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது.